சூடு வேறு, கோளாறு வேறு: பழைய கேமிங் கம்ப்யூட்டர் நடுவில் நின்றுபோவது ஏன்?

மே மாதம் பிறந்துவிட்டால் டெல்லியில் எங்கள் முனீர்க்கா குடியிருப்பில் என்னைத் தேடி வரும் கேள்வி ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் சூடாகி நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?" இந்த ஆண்டு அதைக் கேட்டவன் மேல்மாடியில் இருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அவனுடைய சித்தப்பா 2016இல் நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கேமிங் கம்ப்யூட்டர், அவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போனபோது இவன் கைக்கு வந்தது. அதன் மூளையான பிராசசர் இன்டெல் கோர் ஐ5-4460, திரையில் தெரியும் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060. விளையாட்டைத் தொடங்கி இருபது நிமிடத்தில் படம் திக்கித் திக்கி ஓடும். சில நாள் ஒரேயடியாக அணைந்துவிடும்.

என்னிடம் வருவதற்குள் நான்கு பேர் நான்கு யோசனை சொல்லியிருந்தார்கள். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடு என்றார் ஒருவர். இன்னும் இரண்டு ஃபேன் மாட்டு என்றார் இன்னொருவர். ஒரு கடையில் ரேம் என்ற நினைவகத்தை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். மற்றொருவர் பழைய பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார். ஒருவரும் உள்ளே தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. வெப்பநிலை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. டியூஷன் எடுத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இப்படிக் கரைந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

உள்ளே போகும் மின்சாரம் எங்கே போகிறது?

மிக்சியில் போகும் மின்சாரம் சட்னியை அரைக்கிறது. மோட்டார் பம்பில் போவது தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறது. கம்ப்யூட்டர் இப்படி எதையும் தூக்குவதும் இல்லை, அரைப்பதும் இல்லை. அது வாங்கிக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது.

ஐ5-4460 பிராசசருக்கு இன்டெல் குறித்திருக்கும் வெப்ப அளவு 84 வாட். ஜிடிஎக்ஸ் 1060க்கு 120 வாட். பாகங்களை இணைக்கும் பலகையான மதர்போர்டு, டிஸ்க், ஃபேன்கள் எல்லாம் சேர்ந்தால் கனமான விளையாட்டு ஓடும்போது கேபினெட் என்ற பெட்டிக்குள் சுமார் 250 வாட் வெப்பம் பிறக்கிறது. டெல்லிக் குளிரில் நாம் போடும் 1000 வாட் ரூம் ஹீட்டரில் இது கால் பங்கு. ஜனவரியில் இந்தப் பையனின் அறை மட்டும் இதமாக இருந்ததாக அவன் அம்மா சொன்னதில் வியப்பில்லை.

250 வாட் பெரிய அளவு அல்ல. அது எவ்வளவு சிறிய இடத்தில் பிறக்கிறது என்பதுதான் பிரச்சினை. பிராசசரின் உள்ளே உண்மையில் வேலை செய்யும் சிலிக்கான் துண்டுக்குச் சிப் என்று பெயர். அது கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். பழைய 100 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட முடியாது. ஏறக்குறைய அந்த அளவு வெப்பம் ஒரு நகத்தின் பரப்பிலிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஓட்டை வாளி

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல. பேச்சில் இரண்டையும் "சூடு" என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அடியில் ஓட்டை விழுந்த வாளியைக் குழாயடியில் வையுங்கள். தண்ணீர் விழுகிறது, ஓட்டை வழியே வடிகிறது. முதலில் மட்டம் ஏறும். மட்டம் ஏற ஏற அழுத்தம் கூடி ஓட்டை வழியே வேகமாக வடியும். ஒரு கட்டத்தில் விழுவதும் வடிவதும் சமமாகி, மட்டம் அசையாமல் நின்றுவிடும். இதில் தண்ணீர்தான் வெப்பம், நீர்மட்டம்தான் வெப்பநிலை. விளையாட்டு தொடங்கியவுடன் திக்காமல் இருபது நிமிடம் கழித்துத் திக்குவதற்கும் இதுவே காரணம்: வாளி நிரம்ப நேரம் பிடிக்கிறது.

மட்டம் உயர மூன்று வழிகள் உண்டு. குழாயை அதிகமாகத் திறக்கலாம். கனமான விளையாட்டு செய்வது இதைத்தான். ஓட்டை அடைத்துக்கொள்ளலாம், தூசியும், பிறகு சொல்லப்போகும் பேஸ்ட் காய்ந்துபோவதும் செய்வது இது. மூன்றாவது, வாளியே தேங்கிய வெள்ளத்தில் நிற்கலாம். வெளியே முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றால் வாளியின் மட்டம் அதற்குக் கீழே இறங்கவே முடியாது. அந்த வெள்ளம்தான் அறையின் வெப்பநிலை.

டெல்லிவாசிகள் உணர வேண்டியது இந்த மூன்றாவதை. ஒரே கம்ப்யூட்டர் ஒரே விளையாட்டை ஓட்டும்போது, சிப்பின் வெப்பநிலை அறையைவிட ஏறக்குறைய ஒரே அளவுதான் அதிகமாக இருக்கும். அந்த வித்தியாசத்தை "ஏற்றம்" என்று வைத்துக்கொள்வோம். நான் போன அன்று மேல்மாடி அறையில் 39 டிகிரி. கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருள் பிராசசர் 99 டிகிரி என்று காட்டியது. ஏற்றம் 60. ஜனவரியில் அதே அறை 14 டிகிரியில் இருந்திருந்தால், அதே தூசியோடு சிப் 74 டிகிரியில் ஓடியிருக்கும். "குளிர்காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை, மாமா. திடீரென்று கெட்டுப்போய்விட்டது" என்றான் பையன். திடீரென்று எதுவும் கெடவில்லை. பழுது அப்போதே இருந்தது. குளிர் அதை மூடி மறைத்திருந்தது.

சுருக்கமாக: வெப்பநிலை என்பது வரும் வெப்பத்துக்கும் வெளியேறும் வெப்பத்துக்கும் இடையே அமையும் சமநிலை. சிப் எத்தனை டிகிரி என்பதோடு அறை எத்தனை டிகிரி என்பதையும் குறித்துக்கொண்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

ஃபேன் குளிர்விப்பதில்லை

மின்விசிறிக்குக் கீழே நமக்குக் குளுகுளுவென்று இருப்பதற்குக் காரணம் வியர்வை. காற்று வியர்வையை ஆவியாக்குகிறது. ஆவியாகும் நீர் உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கம்ப்யூட்டருக்கு வியர்ப்பதில்லை. ஃபேன் செய்வது ஒரே வேலை: சூடேறிய காற்றைத் தள்ளிவிட்டு அறைக் காற்றைக் கொண்டுவருவது. எத்தனை ஃபேன் மாட்டினாலும் சிப்பை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது.

தள்ளப்பட்ட சூடான காற்று போக இடம் இல்லையென்றால் அந்த வேலையும் வீண். இந்த வீட்டில் கேபினெட் இருந்தது மரக் கம்ப்யூட்டர் மேசையின் அறைக்குள். மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் கதவு, பின்னால் ஒயர் நுழைய உள்ளங்கை அளவு துளை. பின்புற ஃபேன் வெளியேற்றிய காற்றைத்தான் முன்புற ஃபேன் மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு புதிய ஃபேன் மாட்டியிருந்தால் அதே சூடான காற்று இன்னும் வேகமாகச் சுற்றியிருக்கும். கேபினெட்டைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வெளியே வைத்தோம். செலவு ஒன்றுமில்லை.

ஏர் கூலருக்கு நேர் எதிரே கேபினெட்டை வைக்கும் பழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அறை குளிர்வது நல்லதுதான். ஆனால் கூலரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளில் உப்பு இருக்கிறது, அந்த ஈரத்தில் தூசி சேறாக ஒட்டிக்கொள்கிறது.

சிப்பிலிருந்து காற்றுக்கு

காப்பியை ஏன் டபராவில் ஊற்றி ஆற்றுகிறோம்? டம்ளரில் காற்றைத் தொடும் பரப்பு குறைவு, டபராவில் அதிகம். சிப்பின் மேல் உட்காரும் ஹீட்சிங்க் என்ற உலோகக் கட்டையின் வேலையும் இதுதான். நகத்தளவு இடத்தில் பிறந்த வெப்பத்தை வாங்கி, நெருக்கமான மெல்லிய தகடுகளின் பெரிய பரப்பில் பரப்பிக் காற்றிடம் கொடுக்கிறது.

பிராசசரின் மேல்மூடியும் ஹீட்சிங்கின் அடிப்பக்கமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் மேடுபள்ளம் நிறைந்தவை. இரண்டையும் சேர்த்து வைத்தால் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். காற்றைவிட அலுமினியம் பல ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே அந்தக் காற்று நடுவில் போர்த்திய கம்பளி போல வெப்பத்தைத் தடுக்கிறது. அந்தப் பள்ளங்களை நிரப்பத் தடவும் பசைக்குத் தெர்மல் பேஸ்ட் என்று பெயர். காற்றைவிட அது எவ்வளவோ மேல், உலோகத்தைவிட எவ்வளவோ கீழ். எனவே பள்ளம் நிரம்பினால் போதும். இட்லிக்குச் சட்னி ஊற்றுவது போல் அப்பினால் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு தடித்த படலம் நிற்கும், அதுவே தடையாகிவிடும். நடுவில் பச்சைப் பட்டாணியைவிடச் சிறிய ஒரு துளி போதும். பல ஆண்டுகளில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல் உதிரும். அப்போது துடைத்துவிட்டுப் புதிதாக இட வேண்டும். பற்பசையைத் தடவும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது விரைவில் உலர்ந்து வெடித்துவிடும்.

இனி அந்தப் பெட்டிக்குள் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூடியைக் கழற்றியபோது பிராசசர் ஃபேன் சுழன்றுகொண்டுதான் இருந்தது. ரேம் மாற்றிய கடைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு "ஃபேன் ஓடுகிறதே" என்று மூடியிருப்பார்கள். ஃபேனைக் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு படலம். நகத்தால் ஒரு முனையை நெம்பினேன். கம்பளித் துண்டு போல முழுவதுமாகக் கையோடு வந்தது. டெல்லியின் புழுதிக் காற்று பல கோடைகளாக நெய்து வைத்த துணி அது. ஃபேன் தள்ளிய காற்று அதில் முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. இன்டெல் பிராசசரோடு பெட்டியில் வரும் அந்தக் கால ஹீட்சிங்கை மதர்போர்டில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் பிடித்திருக்கும். அதில் ஒன்று முழுதாக இறங்கவில்லை. விரலால் தொட்டால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் மெல்ல ஆடியது. பேஸ்ட் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் மேலே உள்ள உலோகம் இறுக்கமாக அமராவிட்டால் பயனில்லை. பழைய இன்டெல் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எதை வாங்குவதற்கு முன்னும் இந்த நான்கு ஊசிகளையும் ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சுத்தம் செய்வது சுலபம்: மின்சாரத்தை முற்றிலும் பிடுங்கிவிட்டு, கேபினெட்டைப் பால்கனிக்குக் கொண்டுபோய், புளோயராலும் மெல்லிய பிரஷாலும் தூசியை விரட்டலாம். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வெறியோடு சுழன்றால் அதன் பேரிங் கெடும்.

தூசியை எடுத்து, பேஸ்ட் மாற்றி, ஊசியை அழுத்திப் பூட்டி, மேசை அறையை விட்டு வெளியே வைத்த பிறகு, அதே 39 டிகிரி அறையில் அதே விளையாட்டுக்குப் பிராசசர் 77 டிகிரி. ஏற்றம் 60இலிருந்து 38க்கு இறங்கியது.

சிப் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம்

77 டிகிரியே பயங்கரம் என்று நினைக்கத் தோன்றும், ஏனென்றால் நம் கை அதைத் தாங்காது. சிலிக்கானின் கணக்கு வேறு. இந்தத் தலைமுறை இன்டெல் பிராசசர்களுக்கு எல்லை சுமார் 100 டிகிரி. ஜிடிஎக்ஸ் 1060க்கு நிறுவனம் தந்திருக்கும் எல்லை 94. விளையாடும்போது எழுபதுகளில் இருப்பது சாதாரணம்.

எல்லையைத் தொட்டவுடன் சிப் எரிந்துவிடுமா? இல்லை. உச்சி வெயிலில் நடப்பவர் முதலில் நடையைத் தளர்த்துவார். மயங்கி விழுவது அதற்கும் அப்புறம். சிப்பும் எல்லை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதற்குத் த்ராட்லிங் என்று பெயர். வேகம் குறைந்தால் வெப்பமும் குறையும், கொஞ்சம் ஆறும், மறுபடி வேகமெடுக்கும், மறுபடி சுடும். படம் திக்கித் திக்கி ஓடியது இதனால்தான். அதையும் மீறி வெப்பநிலை ஏறினால், விண்டோஸைக் கேட்காமலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் அவசர ஏற்பாடு ஒன்று சிப்பில் இருக்கிறது. அது கடைசி அரண்.

சுருக்கமாக: அதிகச் சூட்டின் முதல் அடையாளம் மந்தம். நிற்பது அதற்கு மிகவும் பின்னால் வருவது. இனி நிற்பதைப் பார்ப்போம்.

நிற்பதில் பல வகை

படம் திக்குவது நின்றுவிட்டது. பையனுக்கு மகிழ்ச்சி. மூன்றாம் நாள் மாலை மறுபடி வந்தான்: "பட்டென்று அணைந்துவிட்டது, மாமா. அப்போது 75 டிகிரிதான் காட்டியது." வெப்பநிலையைக் குறித்து வைத்திருந்தானே, அது பெரிய உதவி. சூடு காரணமில்லை என்று அந்த ஒரு எண்ணே சொல்லிவிட்டது.

"கிராஷ்" என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். எப்படி நின்றது என்று கவனித்தால் எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் நலமாக இருந்தால், பெரும்பாலும் அந்த விளையாட்டின் கோப்பு, கிராபிக்ஸ் டிரைவர் போன்ற மென்பொருள் பக்கம் பாருங்கள். டிரைவர் என்பது கிராபிக்ஸ் கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே நின்று பேசும் மொழிபெயர்ப்பாளர். திரை கறுத்து ஒலி மட்டும் தொடர்ந்து கேட்டால் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகிக்கலாம். கார்டு பதில் தராமல் இருந்தால் விண்டோஸ் வழக்கமாக 2 விநாடி பார்த்துவிட்டு அதைத் திரும்பத் தொடங்க முயலும். அந்த நேரம் திரை இமைத்தது போல் இருக்கும்.

நீலத்திரை வந்தால், விண்டோஸ் ஏதோ தவறைக் கண்டு, மேலும் சேதம் வேண்டாமென்று தானாகவே நின்றிருக்கிறது என்று பொருள். அதில் வரும் குறியீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடு வந்தால் ரேமைச் சோதிப்பது நல்லது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டால் தெரிந்துவிடும். சோதிக்காமல் ரேமை மாற்றுவது, காய்ச்சல் என்றதும் கண்ணாடியை மாற்றுவது போன்றது.

எந்த அறிவிப்பும் இல்லாமல், பிளக்கைப் பிடுங்கியது போல அணைந்தால்? அப்போது விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மென்பொருள் கோளாறு என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். அந்தப் பதிவு சொல்வது இவ்வளவுதான்: போன முறை கம்ப்யூட்டர் முறைப்படி மூடப்படவில்லை. இறந்த செய்தி அதில் இருக்கிறது, காரணம் இல்லை. வெப்பநிலை சரியாக இருந்தும் இப்படி அணைகிறதென்றால் நான் முதலில் பார்ப்பது எஸ்.எம்.பி.எஸ்.

மொட்டை மாடித் தொட்டியும் எஸ்.எம்.பி.எஸ்ஸும்

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை வாங்கி, கம்ப்யூட்டருக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி.

டெல்லியின் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் காலையும் மாலையும் கொஞ்ச நேரம்தான் வரும். ஆனாலும் நம் வீட்டுக் குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வருகிறது, மாடியில் தொட்டி இருப்பதால். சுவர் மின்சாரமும் விட்டு விட்டுத்தான் வருகிறது: விநாடிக்கு 100 முறை அது பூஜ்யத்தைத் தொட்டு மீள்கிறது. நடுவில் உள்ள இடைவெளிகளைத் தாங்கும் தொட்டிதான் கெபாசிட்டர். உள்ளே ஒரு திரவம் ஊறியிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்ந்து, தொட்டியின் கொள்ளளவு சுருங்குகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மூடிய மர அறைக்குள் கழிந்த கோடைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

தொட்டி சுருங்கிய வீட்டில் ஒரு குழாய் திறந்தால் தெரியாது. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் நூலாகிவிடும். இணையம் பார்க்கும்போது கிராபிக்ஸ் கார்டு கேட்பது சொற்ப மின்சாரம். விளையாட்டில் திடீரென்று ஒரு வெடிப்புக் காட்சி வந்தால் கண் இமைப்பதற்குள் பல மடங்கு கேட்கும். அந்தக் கணத்தில் 12 வோல்ட் சரிந்தால் எல்லாம் அணைந்துவிடும். மாலையில் குடியிருப்பு முழுவதும் ஏசி ஓடி வோல்டேஜ் தாழும்போது இது இன்னும் எளிதாக நடக்கும். பையன் சொன்ன எல்லா நிறுத்தங்களும் மாலை ஏழு மணிக்குப் பிறகே நடந்திருந்தன.

ஊகத்தை வைத்து வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. என் வீட்டு எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றி அவன் கம்ப்யூட்டரில் மாட்டினேன். நான்கு மாலை விளையாடினான், ஒருமுறைகூட அணையவில்லை. பிறகுதான் புதியது வாங்கினார்கள். வாங்கும்போது அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட்டை மட்டும் நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12ஐ அதனால் பெருக்கினால் வருவதுதான் பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைக்கும் வாட். பழையதைப் பிரித்துப் பார்க்க மட்டும் முயலாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

குழாயைக் கொஞ்சம் மூடலாம்

கடைசியாக, வரும் வெப்பத்தையே குறைக்கும் வழி ஒன்று. அவன் மானிட்டர் விநாடிக்கு 60 படம்தான் காட்டும். கிராபிக்ஸ் கார்டோ சில விளையாட்டுகளில் 130 படம் வரைந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் கண்ணுக்கே எட்டாத படங்கள். அவற்றுக்கும் மின்சாரம், அவற்றுக்கும் வெப்பம். விளையாட்டின் அமைப்புகளில் எல்லையை 60 என்று வைத்தோம். கார்டின் வெப்பநிலை அன்றே 11 டிகிரி இறங்கியது. பழைய கம்ப்யூட்டருக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

ஜூன் முடிவில் முதல் மழை பெய்த மறுநாள் பையன் படியிறங்கி வந்தான். கையில் கணக்கு நோட்டு. அறை 33, பிராசசர் 71 என்று எழுதியிருந்தான். "ஆறு டிகிரி குறைந்துவிட்டது" என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் விரல் வைத்துக் காட்டியது மூன்றாவது கட்டத்தை: "ஏற்றம் அதே 38தான், மாமா."